ரீபூட்டுக்குப் பிறகு சர்வீஸ் எழவில்லையா? அறிகுறியை வைத்து வரிசைக் கோளாறைப் பிடிக்கும் வழி

கையால் தொடங்கினால் உடனே ஓடுகிறது, சர்வரை ரீபூட் செய்தால் மட்டும் எழுவதில்லை. லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. சர்வர் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும்வரை இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படாது. கெர்னல் அப்டேட்டுக்காக ஓர் இரவு ரீபூட் செய்வோம். எந்த சர்வீஸ் எதற்கு முன்னால் எழ வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

இங்கே சொல்வதெல்லாம் சிஸ்டம்டி (பூட்டில் சர்வீஸ்களை எழுப்பும் மென்பொருள்) உள்ள சர்வர்களுக்கு. ரெட் ஹாட் 7 (2014), டெபியன் 8 (2015), உபுண்டு 15.04 தொடங்கி இவற்றில் அதுதான் இயல்பாக வருகிறது. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது அவற்றின் வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்பது ஒரு கேள்வி. வந்தவர்களில் யார் முன்னால் போவது என்பது வேறு கேள்வி. சிஸ்டம்டியில் வான்ட்ஸ், ரிக்வயர்ஸ் எல்லாம் அழைப்பு (முதலாவது தளர்வானது, இரண்டாவது கண்டிப்பானது). ஆஃப்டர், பிஃபோர் இரண்டும் வரிசை. அழைப்பு வைத்தால் வரிசை தானாக வராது, வரிசை போட்டால் அழைப்பு போகாது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றும் கூடவே வந்துவிடும் என்று நம்பியதால் வந்தவைதான்.

கையால் எதையும் தொடங்குவதற்கு முன்

ரீபூட் ஆகி ஏதோ எழவில்லை என்று தெரிந்ததும் கை தானாக 'ஸ்டார்ட்' அடிக்கப் போகும். இரண்டு நிமிஷம் பொறுங்கள். 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' அடித்து எவை விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம், சம்பந்தப்பட்ட சர்வீஸ்கள் இரண்டையும் (இங்கே 'பில்லிங்' என்ற செயலியும் அது நம்பியிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும்) சேர்த்து ஒரே லாக்காக எடுங்கள்: 'ஜர்னல்சிடிஎல் -பி -யு பில்லிங் -யு போஸ்ட்கிரெஸ்கியூஎல்@14-மெயின் -ஓ ஷார்ட்-மோனோடானிக்'. கடைசியில் உள்ள அந்த 'ஷார்ட்-மோனோடானிக்' முக்கியம். அது மணி நேரத்துக்குப் பதிலாக, சர்வர் எழத் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது வினாடி என்று காட்டும். பூட் ஆகும்போது கடிகாரமே திருத்தப்படலாம். இந்த எண் மாறாது.

ஒருமுறை எனக்குக் கிடைத்ததன் சாரம் இப்படி இருந்தது:

[11.482] பில்லிங் சர்வீஸ் தொடங்கியது
[12.037] பில்லிங்: 5432 போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது
[14.910] போஸ்ட்கிரெஸ்: இணைப்புகளை ஏற்கத் தயார்

மூன்று வரியில் முழுக் கதையும் இருக்கிறது. செயலி 12ஆவது வினாடியில் கதவைத் தட்டியது, டேட்டாபேஸ் கதவைத் திறந்தது 15ஆவது வினாடியை நெருங்கும்போது. இந்த மூன்று வினாடிகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஊகிக்க வேண்டிய வேலை இல்லை.

அறிகுறி: பூட்டில் 'இணைப்பு மறுக்கப்பட்டது', கையால் தொடங்கினால் சரியாகிறது

யூனிட் ஃபைலில் (ஒரு சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) என்ன எழுதியிருக்கிறது என்பதை 'சிஸ்டம்சிடிஎல் கேட் பில்லிங்' காட்டும். சிஸ்டம்டி உண்மையில் என்ன புரிந்துகொண்டிருக்கிறது என்பதை 'சிஸ்டம்சிடிஎல் ஷோ -பி ஆஃப்டர் -பி வான்ட்ஸ் -பி ரிக்வயர்ஸ் பில்லிங்' காட்டும். இரண்டையும் பாருங்கள். ஃபைலை மாற்றிவிட்டு 'டீமன்-ரீலோடு' அடிக்க மறந்திருந்தால் இரண்டும் வேறுவேறாக இருக்கும்.

பெரும்பாலும் காணப்படுவது இது: ரிக்வயர்ஸ் இருக்கும், ஆஃப்டர் இருக்காது. எழுதியவர், "டேட்டாபேஸ் இல்லாமல் இது ஓடாது என்று சொல்லிவிட்டேனே" என்று நினைத்திருப்பார். ஆனால் ஆஃப்டர் இல்லாவிட்டால் சிஸ்டம்டி இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அழைப்பு போய்விட்டது, வரிசை சொல்லப்படவில்லை. கையால் தொடங்கும்போது டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் கோளாறு தெரிவதில்லை.

திருத்த, 'சிஸ்டம்சிடிஎல் எடிட் பில்லிங்' அடித்து, திறக்கும் காலிப் பக்கத்தில் இதை எழுதுங்கள்:

[யூனிட்]
வான்ட்ஸ்=போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சர்வீஸ்
ஆஃப்டர்=போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சர்வீஸ்

பேக்கேஜோடு வந்த யூனிட் ஃபைலை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். 'எடிட்' எழுதுவது தனி ஃபைலில் தங்கும். ஆனால் ஒன்று: இப்படிச் சேர்க்கும் ஃபைலில் புதிய ஆஃப்டர், ரிக்வயர்ஸ் வரிகளைக் கூட்டலாம், மூல ஃபைலில் உள்ளவற்றை நீக்க முடியாது. எக்ஸெக்ஸ்டார்ட் போன்றவற்றைக் காலி வரி போட்டு அழிப்பதுபோல ஆஃப்டரை அழிக்க வராது. தேவையில்லாத ஒன்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால் '--ஃபுல்' சேர்த்து, முழு யூனிட் ஃபைலையும் படியெடுத்துத்தான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு மாலை நான் காலி வரியைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஆஃப்டரும் இருக்கிறது, ஆனாலும் முந்திக்கொள்கிறது

இங்கேதான் பலரும் சிஸ்டம்டி மேல் கோபப்படுகிறார்கள். அடுப்பைப் பற்றவைத்தது வேறு, உலை கொதித்தது வேறு. ஆஃப்டர் என்பது 'அந்த சர்வீஸ் தொடங்கியது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு' என்றுதான் பொருள்படும். எப்போது அப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை டைப் என்ற வரி தீர்மானிக்கிறது.

டைப்=சிம்பிள் என்றால் புரோசஸைக் கிளப்பியவுடனே 'தொடங்கியது' என்று டிக் அடித்துவிடும். உள்ளே அது கான்ஃபிக் படிக்கிறதா, லாக்கை மீட்டெடுக்கிறதா, போர்ட்டைத் திறந்ததா என்று பார்க்காது. டைப்=ஃபோர்க்கிங் என்றால் முதல் புரோசஸ் வெளியேறும்வரை காத்திருக்கும்; பழைய பாணி டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) ஒழுங்காகத் தயாரான பிறகு வெளியேறினால் இது நன்றாகவே வேலை செய்யும். டைப்=ஒன்ஷாட் என்றால் வேலை முழுதாக முடிந்து வெளியேற வேண்டும். இவற்றுள் நம்பகமானது டைப்=நோட்டிஃபை: நிரலே 'ரெடி=1' என்று சிஸ்டம்டிக்குச் செய்தி அனுப்பிய பிறகுதான் 'தொடங்கியது' என்று கணக்கு. குனிகார்ன் போன்ற பல சர்வர் நிரல்களுக்கு இது தெரியும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லைத் தக்க விருப்பத்தோடு தொகுத்திருந்தால் அதற்கும் தெரியும். உங்கள் செயலிக்கும் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள்.

அந்தச் செய்தியை அனுப்பாத நிரலுக்கு டைப்=நோட்டிஃபை போட்டுவிட்டால் இன்னொரு அறிகுறி வரும்: சர்வீஸ் நன்றாக ஓடும், சரியாக 90ஆவது வினாடியில் கொல்லப்படும். தொடங்கும் நேர வரம்பின் இயல்பான அளவு 90 வினாடி. '90' என்ற எண்ணை லாக்கில் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

டேட்டாபேஸ் இன்னொரு மெஷினில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்த மெஷினில் என்ன எழுந்தது என்று இங்கே உள்ள சிஸ்டம்டிக்குத் தெரியாது. அப்போது எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ வரியில் (சர்வீஸ் தொடங்குவதற்கு முன் ஓடும் கட்டளை) ஒரு சிறு காத்திருப்பு போடலாம். போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி_ஈஸ்ரெடி' இதற்கென்றே உள்ளது: இணைப்பை ஏற்கிறது என்றால் 0, எழுந்துகொண்டிருக்கிறது அதனால் மறுக்கிறது என்றால் 1, பதிலே இல்லை என்றால் 2 என்று திருப்பித் தரும். 0 வரும்வரை வினாடிக்கு ஒருமுறை கேட்கும் ஒரு வரி ஷெல் போதும். அந்தக் காத்திருப்புக்கும் 90 வினாடி வரம்பு உண்டு என்பதை மறக்காமல் டைம்அவுட்ஸ்டார்ட்செக் (தொடங்கும் நேர வரம்பு) அளவைக் கூட்டுங்கள். 'ஸ்லீப் 30' என்று போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம். டிஸ்க் வேகமாக இருக்கும் நாளில் 30 வினாடி வீண். டேட்டாபேஸ் மீட்பில் இருக்கும் நாளில் 30 போதாது.

டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சர்வீஸ்' உண்மையான டேட்டாபேஸ் இல்லை. நிலையைக் கேட்டால் 'ஆக்டிவ் (எக்ஸிட்டட்)' என்று வருவதைப் பார்த்துப் பலரும் பயந்துபோகிறார்கள். அது 'ட்ரூ' என்ற கட்டளையை ஓட்டிவிட்டு நிற்கும் ஒரு பெயர்ப்பலகை. ஓடும் டேட்டாபேஸ் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்@14-மெயின்.சர்வீஸ்' என்பது போன்ற பெயரில் இருக்கும். நடுவில் பதிப்பு எண், பின்னால் கிளஸ்டரின் பெயர். பெயர்ப்பலகை எழுவதற்கு முன்னால் உண்மையானது எழும்படி பேக்கேஜ் செய்தவர்களே பிஃபோர் வரி போட்டிருப்பதால் பூட் வரிசைக்குப் பெயர்ப்பலகையைக் குறித்தாலே போதும். ஆனால் உண்மையான டேட்டாபேஸ் நடுவில் செத்தால் பெயர்ப்பலகை அசையாது, பச்சையாகவே நிற்கும். அதைக் கண்காணிக்க வேண்டுமானால் @ உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும்.

அறிகுறி: 'கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை', பிழை எண் 99

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாக்கில் இந்த 99ஐப் பார்த்தால், அது ஒரு குறிப்பிட்ட ஐபியில் உட்காரப் பார்த்தபோது அந்த ஐபி இன்னும் நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். 'அப்ஸ்ட்ரீமில் ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று விழுந்தாலும் இதே குடும்பம்தான். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கிடைப்பதற்கு முன் பெயரைக் கேட்டிருக்கிறது.

யூனிட் ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் என்று இருக்கும். பெயரைப் பார்த்து எல்லோரும் ஏமாறும் இடம் இது. டார்கெட் என்பது பூட்டில் ஒரு கட்டத்தின் பெயர். நெட்வொர்க்.டார்கெட் என்பது நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்பதோடு சரி. ஐபி வந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. அதன் உண்மையான பயன் சர்வரை நிறுத்தும்போதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன். ஐபி வரும்வரை காத்திருக்க வேண்டுமானால் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் வேண்டும், அதையும் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் எழுத வேண்டும். ஆஃப்டரில் மட்டும் எழுதினால், வேறு யாரும் அதை அழைக்காத சர்வரில், வராத ஒருவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற மாதிரி ஆகிவிடும்.

அதோடு, உண்மையில் காத்திருக்கும் வேலையைச் செய்யும் சர்வீஸ் எனேபிள் (பூட்டில் தானாகத் தொடங்கும்படி) ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்: நெட்வொர்க்மேனேஜர் உள்ள சர்வரில் 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்', நெட்வொர்க்டி உள்ள சர்வரில் 'சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்'. இரண்டாவதில் எதிர்த்திசைக் கோளாறு ஒன்று உண்டு. அது தன் பொறுப்பில் உள்ள எல்லாக் கார்டுகளும் தயாராக வேண்டும் என்று 120 வினாடி காத்திருக்கும். கேபிளே செருகாத இரண்டாவது கார்டு இருந்தால் ஒவ்வொரு பூட்டும் இரண்டு நிமிஷம் தாமதமாகும். '--எனி' விருப்பத்தைச் சேர்த்தாலோ, எந்தக் கார்டு என்று '--இன்டர்ஃபேஸ்' மூலம் சொன்னாலோ தீர்ந்துவிடும்.

அறிகுறி: டேட்டாபேஸ் எழுந்துவிட்டது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை

இந்தப் பட்டியலில் நான் உண்மையிலேயே பயப்படுவது இது ஒன்றுக்குத்தான்.

ஒரு கடைத்தொடரின் பில்லிங் சர்வர். விடிகாலையில் ரீபூட். எல்லா சர்வீஸ்களும் பச்சை. ஆனால் செயலி லாக்கில் "இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை" என்று வந்துகொண்டே இருந்தது. முந்தைய நாள் வரை வேலை செய்த பாஸ்வேர்டு. மைஎஸ்கியூஎல்லின் டேட்டா டைரக்டரியில் பார்த்தால் பழைய ஃபைல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ரூட்டாக உள்ளே போகவும் முடியவில்லை. மைஎஸ்கியூஎல் லாக்கை மேலிருந்து படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: ரூட்டுக்குத் தற்காலிகப் பாஸ்வேர்டு உருவாக்கப்பட்டது. அது புதிதாக நிறுவும் நாளில் மட்டும் வர வேண்டிய வரி. எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது.

நடந்தது இதுதான். டேட்டா டைரக்டரி தனி டிஸ்க். எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் மவுண்ட் ஆக (இணைய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், அந்த டிஸ்கின் வரியில் நான் 'நோஃபெயில்' போட்டிருந்தேன், டிஸ்க் வராவிட்டாலும் சர்வராவது எழட்டும் என்று. நோஃபெயில் போட்டால் அந்த டிஸ்குக்காக பூட் காத்திருக்காது என்பதும் அதோடு சேர்ந்தது. அன்று டிஸ்க் சற்றுத் தாமதமாக வந்தது. மைஎஸ்கியூஎல் முந்தி எழுந்து, மவுண்ட் ஆகாத காலி டைரக்டரியைப் பார்த்தது. ஆர்பிஎம் பேக்கேஜில் வரும் மைஎஸ்கியூஎல், டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் புதிய டேட்டாபேஸைத் தானே உருவாக்கிக்கொள்ளும். உருவாக்கியது. அதற்குப் பிறகு டிஸ்க் வந்து அதன் மேலேயே மவுண்ட் ஆனது. நான் பட்டியலிட்டுப் பார்த்தது மேலே உள்ள பழைய டிஸ்கை. மைஎஸ்கியூஎல் ஓடிக்கொண்டிருந்தது அடியில் மறைந்துபோன புதிய டைரக்டரியில்.

இப்படி நேர்ந்தால் எதையும் அழிக்காதீர்கள். செயலியை நிறுத்துங்கள், மைஎஸ்கியூஎல்லை நிறுத்துங்கள், டிஸ்க் மவுண்ட் ஆகியிருப்பதை 'ஃபைண்ட்மவுண்ட்' மூலம் உறுதி செய்துகொண்டு திரும்பத் தொடங்குங்கள். எங்கள் தரவு அப்படியே இருந்தது. அடியில் கிடக்கும் போலி டேட்டாபேஸைப் பார்க்க, ரூட் டிஸ்கை இன்னோர் இடத்தில் 'பைண்ட்' மவுண்ட் செய்தால் மறைந்தது தெரியும். நடுவில் யாராவது அதில் ஏதாவது எழுதினார்களா என்று பார்த்த பிறகே அதை நீக்குங்கள்.

மறுபடி வராமல் இருக்க, டேட்டாபேஸ் யூனிட்டில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்= என்று எழுதி டேட்டா டைரக்டரியின் முழுப் பாதையைக் கொடுங்கள். அந்தப் பாதைக்கு வேண்டிய மவுண்ட்களைத் தானே கண்டுபிடித்து, அழைப்பு, வரிசை இரண்டையும் இந்த ஒரே வரி சேர்த்துவிடும். டிஸ்க் வராவிட்டால் டேட்டாபேஸ் எழாது. எழாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. நான் இன்னொன்றும் செய்கிறேன்: டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், அந்தக் காலி டைரக்டரிக்கு 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' போட்டுவைப்பேன். ரூட் பயனரால்கூட அதற்குள் ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. அதன் மேல் மவுண்ட் மட்டும் வழக்கம்போல ஆகும். தரவு வைக்கும் ஒவ்வொரு மவுண்ட் புள்ளிக்கும் இதைச் செய்துவையுங்கள், ஒரு நிமிஷ வேலை.

அறிகுறி: டேட்டாபேஸை அப்டேட் செய்தோம், செயலி படுத்துவிட்டது

ரிக்வயர்ஸ் போட்டவர்களுக்கு வருவது. டேட்டாபேஸை யாராவது கட்டளை கொடுத்து நிறுத்தினால் அதை ரிக்வயர்ஸ் செய்த செயலியும் கூடவே நிற்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் செயலியும் ரீஸ்டார்ட் ஆகும், அதுவரை சரி. ஆனால் 'ஸ்டாப்', பிறகு தனியாக 'ஸ்டார்ட்' என்று வந்தால் டேட்டாபேஸ் மட்டும் எழும்; நின்ற செயலியை யாரும் திரும்ப அழைப்பதில்லை.

தலைகீழ் வியப்பும் உண்டு: டேட்டாபேஸ் தானாகச் செத்தால் ரிக்வயர்ஸ் போட்ட செயலி நிற்காது. எந்தக் காரணத்தால் போனாலும் கூடவே நிற்க வேண்டுமென்றால் பைண்ட்ஸ்டு, அதோடு ஆஃப்டர். நிறுத்துவதும் ரீஸ்டார்ட்டும் மட்டும் கடத்தப்பட்டால் போதும், தொடங்குவதில் தலையிட வேண்டாம் என்றால் பார்ட்ஆஃப்.

என் வழக்கம், வான்ட்ஸ் கூட ஆஃப்டர், செயலியில் அறுந்த இணைப்பைத் தானே திரும்பப் பிடிக்கும் நிரல். டேட்டாபேஸ் ஐந்து வினாடி போய் வந்தால் தாங்காத செயலியை யூனிட் ஃபைலால் காப்பாற்றுவது கடினம். அப்படி மாற்ற முடியாத பழைய செயலி என்றால், அதன் இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை= என்பதில் மல்டி-யூசர்.டார்கெட்டோடு டேட்டாபேஸ் சர்வீஸின் பெயரையும் சேர்த்து, திரும்ப எனேபிள் செய்யுங்கள். டேட்டாபேஸ் தொடங்கப்படும் ஒவ்வொரு முறையும் செயலிக்கும் அழைப்பு போகும்.

'டிபென்டன்சி ஃபெயில்டு' என்று லாக்கில் வந்தால் அந்த சர்வீஸில் தேடாதீர்கள், அது தொடங்கவே முயலவில்லை. அது யாரை ரிக்வயர்ஸ் செய்ததோ அங்கே போங்கள்.

அறிகுறி: 'திரும்பத் திரும்ப மிக வேகமாகத் தொடங்கக் கேட்கப்பட்டது'

ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டிருப்பீர்கள், எத்தனை தடவை விழுந்தாலும் எழும் என்று. ஆனால் ஒரு விழலுக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே இயல்பான இடைவெளி 100 மில்லிவினாடி. 10 வினாடிக்குள் 5 முயற்சிக்கு மேல் அனுமதி இல்லை. ஆக, உடனே விழும் செயலி ஒரு வினாடிக்குள் ஐந்து வாய்ப்பையும் தீர்த்துவிட்டு, டேட்டாபேஸ் மூன்று வினாடி கழித்து எழும்போது கைவிடப்பட்ட நிலையில் கிடக்கும். ரீஸ்டார்ட்செக்=5 என்று போட்டால் போதும், 10 வினாடியில் ஐந்து தடவை வர வாய்ப்பே இல்லை. இப்போதைக்கு எழுப்ப 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு' அடித்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்.

அறிகுறி: பூட்டில் ஒரு சர்வீஸ் காணாமலே போகிறது, பிழையும் இல்லை

'ஃபெயில்டு' பட்டியலில் இல்லை, அந்த சர்வீஸின் லாக்கும் காலி. எனேபிள் ஆகித்தான் இருக்கிறது. இப்படி இருந்தால் பூட் லாக் முழுவதிலும் 'ஆர்டரிங் சைக்கிள்' என்று தேடுங்கள். அ-வுக்குப் பின் ஆ, ஆ-வுக்குப் பின் இ, இ-க்குப் பின் அ என்று வட்டம் விழுந்தால் சிஸ்டம்டி வட்டத்தை அறுக்க ஒரு வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு மேலே போய்விடும். எதைத் தூக்கியது என்று அந்த வரிகளிலேயே எழுதியிருக்கும்.

நான் மறுபடி மறுபடி பார்க்கும் வட்டம்: எஃப்எஸ்டேபில் உள்ள ஒரு டிஸ்க், ஏதோ ஒரு சர்வீஸ் எழுந்த பிறகுதான் மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சாதாரண சர்வீஸ் எல்லாமே சிஸ்இனிட்.டார்கெட்டுக்குப் பின்னால்தான் எழும், சிஸ்இனிட் லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட்டுக்குப் பின்னால், லோக்கல்-எஃப்எஸ் அந்த டிஸ்குக்குப் பின்னால். வட்டம் முடிந்தது. டிஸ்க் வரியில் '_நெட்டெவ்' சேர்த்தால் அது ரிமோட்-எஃப்எஸ் பக்கம் போய்விடும், வட்டம் அவிழும். யூனிட் ஃபைலை எழுதியதும் 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' ஓட்டிப் பார்த்தால் ரீபூட் செய்யாமலே வட்டங்கள் தெரிந்துவிடும்.

அறிகுறி: சர்வரை நிறுத்தும்போது 90 வினாடி தொங்குகிறது, அல்லது கடைசி நேரத் தரவு தொலைகிறது

எழும் வரிசையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்கூட நிற்கும் வரிசையை மறந்துவிடுகிறார்கள். சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்வி காலத்தில் இது எல்லோர் கண்ணிலும் பட்ட விஷயம். மைஎஸ்கியூஎல்லின் தொடக்க ஸ்கிரிப்ட்டின் தலையில் 64 36 என்றும், ரெட் ஹாட்டில் அப்பாச்சியின் ஸ்கிரிப்ட்டில் 85 15 என்றும் எழுதியிருக்கும். முதல் எண் எழும் வரிசை, இரண்டாவது நிற்கும் வரிசை. 64 முந்தி எழும், 15 முந்தி நிற்கும். இரண்டையும் கூட்டினால் 100, அதாவது எழுந்ததற்கு நேர் தலைகீழாக நிற்க வேண்டும்.

சிஸ்டம்டி இதைத் தானாகவே செய்கிறது: ஆஃப்டர் போட்டவை நிற்கும்போது தலைகீழாக நிற்கும். பில்லிங், டேட்டாபேஸுக்குப் பின் எழுவதாக எழுதியிருந்தால், நிற்கும்போது பில்லிங் முழுதாக நின்ற பிறகே டேட்டாபேஸுக்கு நிறுத்தும் சிக்னல் போகும். ஆஃப்டர் இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகும். செயலி தன் கடைசி பில்லை எழுதப் போகும்போது டேட்டாபேஸ் கதவைச் சாத்தியிருக்கும். நெட்வொர்க்.டார்கெட்டின் பயனும் இங்கேதான்: அதற்கு ஆஃப்டர் போட்ட சர்வீஸ், நெட்வொர்க் அணைவதற்கு முன்பே நின்றுவிடும்.

90 வினாடி தொங்கினால், திரையில் 'ஸ்டாப் ஜாப் ஓடுகிறது' என்ற வரியில் எந்த சர்வீஸின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சிக்டெர்ம் ('நின்றுவிடு' என்ற சிக்னல்) அனுப்பி 90 வினாடி பார்த்து, பிறகு சிக்கில் அனுப்பிக் கொல்வதுதான் இயல்பு. சோர்ஸிலிருந்து நீங்களே நிறுவிய போஸ்ட்கிரெஸ் என்றால் காரணம் பெரும்பாலும் இது: சிக்டெர்ம் வந்தால் அது புதியவர்களை மறுத்து, ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள் தாங்களாகப் போகும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். இணைப்புகளைக் கையில் பிடித்துவைத்திருக்கும் செயலி போகவே போகாது. போஸ்ட்கிரெஸ் கையேடே தரும் மாதிரி யூனிட் ஃபைலில் கில்சிக்னல்=சிக்இன்ட், கில்மோடு=மிக்ஸ்டு, டைம்அவுட்செக்=இன்ஃபினிட்டி என்று இருக்கும். சிக்இன்ட் வந்தால் இணைப்புகளை அறுத்துவிட்டு ஒழுங்காக மூடும். டேட்டாபேஸுக்கு நேர வரம்பைக் குறைத்து இந்தத் தொங்கலைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். எழுதிக்கொண்டிருப்பதை நடுவில் கொல்வதுதான் அது.

ஜாவா செயலி ஒழுங்காக நின்றும் 'ஃபெயில்டு' என்று காட்டினால், அது 143 என்ற எண்ணோடு வெளியேறுவதுதான் காரணம். சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143 போட்டுவிடுங்கள்.

சர்வர் நிற்பதற்கு முன் ஒரு வேலை நடக்க வேண்டும், உதாரணமாக லோடு பேலன்சரிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்றால், அதற்கொரு தனி யூனிட் எழுதுங்கள். டைப்=ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=எஸ், எக்ஸெக்ஸ்டார்ட்டில் வெறும் 'ட்ரூ', எக்ஸெக்ஸ்டாப்பில் உங்கள் ஸ்கிரிப்ட், ஆஃப்டரில் பில்லிங்கும் நெட்வொர்க்.டார்கெட்டும். கடைசியாக எழுந்ததால் முதலில் நிற்கும். அதாவது செயலியும் நெட்வொர்க்கும் இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஸ்கிரிப்ட் ஓடி முடியும். எனேபிள் மட்டும் செய்துவிட்டு விட்டால் இன்றைய ரீபூட்டில் அது ஓடாது, ஏனென்றால் தொடங்காத ஒன்றை நிறுத்த முடியாது. 'எனேபிள் --நவ்' கொடுங்கள்.

சரியாக ஓடியதா என்று பார்க்க, ரீபூட் ஆனபின் 'ஜர்னல்சிடிஎல் -பி -1' அடித்து முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் படியுங்கள். முந்தைய பூட் என்று ஒன்றுமே காட்டவில்லை என்றால் லாக் மெமரியில் மட்டும் எழுதப்படுகிறது. '/வார்/லாக்' டைரக்டரிக்குள் 'ஜர்னல்' என்ற டைரக்டரியை உருவாக்கி ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இன்னொரு முறை ரீபூட் செய்து பாருங்கள்.